29,193 பேரின் பட்டியல்

"டேனரி கேசுல ஜெயிச்சாச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் ஏன்ணா எங்க கெணத்துத் தண்ணிய இன்னும் வாயில வைக்க முடியல?"

பள்ளிகொண்டாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி இப்படிக் கேட்டார். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. அப்பாவுக்கு ஆற்றை ஒட்டிக் கொஞ்சம் நிலம் உண்டு. கிணறு உப்பான பிறகு அதில் விதைப்பதில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்ட வழக்கு அது. ஜெயித்த வழக்கும் உப்புக் கிணறும் ஒரே ஊரில் எப்படி இருக்கின்றன என்று அவருக்குப் புரியவில்லை. நியாயமான குழப்பம். ஒரு டீ முடிவதற்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு வரும் கேடு இரண்டு விதமாக வருகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. பல வருடமாக மணலைத் தவிர வேறெதையும் பார்க்காத ஆறு இருகரையும் முட்டி ஓடியது. அந்த மழையில்தான் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அப்போது யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின, அண்டாவில் சோறு வெந்தது, பாய் போர்வை வந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நம் ஜனங்கள் இதில் கெட்டிக்காரர்கள். கண்ணுக்கு முன்னால் ஒருவர் தத்தளித்தால் சாதி மதம் பார்க்காமல் கை நீளும்.

இன்னொரு விதக் கேடு சத்தம் போடாமல் வருகிறது. இந்த வருடம் கத்தரிச் செடி வாடுகிறது. இரண்டு வருடம் கழித்து நெல் நுனி கருகுகிறது. தேங்காய் சிறுக்கிறது. பாத்தி காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூக்கிறது, விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கிறது. எந்தத் தேதியில் இது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தேதி இல்லாத கேட்டுக்கு நிவாரண முகாம் கிடையாது, செய்தி கிடையாது, அமைச்சர் வந்து பார்ப்பதும் கிடையாது. பாலாற்றுப் படுகைக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. இதை எதிர்த்து நிற்க அண்டாச் சோறு போதாது. கணக்கு எழுதி வைக்கும் பொறுமை வேண்டும். இங்கே நடந்த போராட்டத்தின் முக்கியமான பகுதி அந்தக் கணக்குதான் என்று நான் நினைக்கிறேன்.

கேடு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

டேனரிக்கு வரும் பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க அதன் சதைப்பக்கம் முழுக்க உப்பு அப்பியிருக்கும். உதறினால் தரையெல்லாம் உப்பு. அந்தத் தோலைத் தண்ணீரில் ஊறவைப்பதுதான் முதல் வேலை. உப்பு கரைந்து ரத்தம், அழுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு தொட்டித் தண்ணீர் வெளியே போகும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்ட தொட்டி. அதில் முடி கழன்றுவிடும். அழுகிய முட்டை நாற்றம் வருவது இங்கிருந்துதான். பிறகு சதையைச் சீவி, சுண்ணாம்பை நீக்கி, மறுபடி உப்பும் கந்தக அமிலமும் சேர்த்து உருட்டுவார்கள். கடைசியில் குரோம். பெரிய மர டிரம்மில் சுழன்று வெளியே வரும்போது தோல் ஈரமாக, இளநீல நிறத்தில் இருக்கும். வெட் புளூ என்று தொழிலில் சொல்வது அதைத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் கழுவ வேண்டும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. அத்தனையும் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்?

வாணியம்பாடி, ஆம்பூர், பிறகு பள்ளிகொண்டா, வேலூர், ராணிப்பேட்டை என்று பாலாறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறாக இருந்தால் கழிவைக் கொஞ்சமாவது கடலுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும். பாலாறு மேலே ஓடுவதைவிட மணலுக்கு அடியில்தான் அதிகம் இருக்கும். தோண்டினால் ஊறும். ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன ஆறு இது. அந்த மணல் விட்டதையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொண்டது. கரையோரக் கிணறுகள் எல்லாம் அந்த மணலிலிருந்துதான் ஊறுகின்றன. மேல் ஊரில் விட்டது கீழ் ஊர்க் கிணற்றில் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இந்தத் தொழில் இங்கே நேற்று வந்ததில்லை. ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு குழியில் ஊறவைத்துப் பதனிடும் முறை நூறு வருடத்துக்கு மேலாக இங்கே இருந்தது. அதிலும் அழுக்கு உண்டு, உப்பு உண்டு. ஆனால் அளவு குறைவு. 1970களில் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் தோல் பொருளையும் அனுப்பச் சொன்னது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்த கொள்கை அது. நோக்கம் நல்லதுதான்: நம் ஊரிலேயே வேலை பெருகும், அந்நியச் செலாவணி கூடும். இரண்டும் நடந்தன. ஆனால் குரோம் முறைக்குத் தொழில் முழுசாக மாறியபோது கழிவுநீரை என்ன செய்வது என்று அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் யோசிக்கவில்லை. டேனரி முதலாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசுகிறவர்களிடம் இதை நான் எப்போதும் நினைவுபடுத்துவேன். லாபம் பார்த்தவர் அவர், சந்தேகமில்லை. வழியைத் திறந்துவிட்டு, போகும் வழியில் என்ன ஆகிறது என்று பார்க்காமல் விட்டது அரசு.

இனி ஊர் என்ன செய்தது என்பதற்கு வருவோம்.

மனு கொடுத்தார்கள். கலெக்டருக்கு, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, யார் யாருக்கோ. விவசாயிகளும் வேலூர்ப் படித்தவர்கள் சிலரும் சேர்ந்தார்கள். வேலூரிலிருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் மண்ணைச் சோதித்து, டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்று சொன்னது. மாநிலச் சட்ட உதவி வாரியம் இரண்டு வழக்கறிஞர்களை அனுப்பியது. திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை கோட்டங்களில் 59 கிராமங்களைப் பற்றி அவர்கள் அறிக்கை எழுதினார்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு அமைப்பு 13 கிராமங்களில் கிணறு கிணறாகப் போய்ப் பார்த்தது. 467 கிணற்றில் 350 கெட்டுப்போயிருந்தது. 1989 மார்ச்சில் தமிழக அரசு அரசாணை 213-ஐப் போட்டது: ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழிற்சாலை கூடாது. ஏற்கெனவே இருந்தவற்றை அது என்ன செய்யும்?

இவ்வளவு காகிதமும் சேர்ந்த பிறகுதான் 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அரசியல் சட்டத்தின் 32-வது பிரிவில் பொதுநல மனு. வாதாடியவர் எம்.சி. மேத்தா. கான்பூர் டேனரிகள் கங்கையில் கழிவை விடுவதற்கு எதிராக 1987-இல் தீர்ப்பு வாங்கியவர் அவர்தான். தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழிலை நடத்த அனுமதிக்க முடியாது என்றால், கழிவைச் சுத்தம் செய்ய முடியாத டேனரியையும் அனுமதிக்க முடியாது என்ற கருத்தை அந்த வழக்கிலேயே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக இருக்கும் தீர்ப்பு. நம் ஊர்ப் பெயரால்தான் அது அறியப்படுகிறது. பாலாற்றுக் கிணற்றின் கரிப்பு, நாட்டின் சட்டத்துக்குள் மூன்று விஷயங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அவற்றைத் தனித்தனியாகப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நாளைக்கு உங்கள் ஊரில் வேறொரு கம்பெனி வந்தாலும் இவைதான் உதவும்.

முதலாவது, கெடுத்தவர்தான் காசு கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஆளுக்கு இழப்பீடு கொடுப்பதோடு அது முடிவதில்லை. கெட்டுப்போன மண்ணையும் தண்ணீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அவருடையது. இது மிகப் பெரிய விஷயம். இழப்பீட்டைப் பேசுகிறோம், இந்த இரண்டாவது பாதியை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, கேடு வரும் என்று நம்பக் காரணம் இருந்தால், அறிவியல் நூற்றுக்கு நூறு உறுதி சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. முன்கூட்டியே தடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நிரூபிக்க வேண்டிய பாரம் இடம் மாறியது. என் கிணற்றைக் கெடுத்தது உன் கழிவுதான் என்று நான்காம் வகுப்பு படித்த விவசாயி ரசாயனக் கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. என் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதி இல்லை என்று தொழில் நடத்துகிறவர் நிரூபிக்க வேண்டும். பல ஏக்கரில் தொழிற்சாலை வைத்திருப்பவரிடம் ஆய்வகம் இருக்கும், வக்கீல் இருப்பார். பாரத்தைத் தூக்கத் தெம்புள்ளவர் தலையில் அதை ஏற்றியது அந்தத் தீர்ப்பு.

தோல் தொழில் அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது, நிறையப் பேருக்கு வேலை கொடுக்கிறது என்பதைத் தீர்ப்பு மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ஊரின் நீரையும் நிலத்தையும் அழிக்கும் உரிமை கிடையாது என்றது. ஐந்து மாவட்டங்களில் இருந்த எல்லா டேனரிகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம். 1996 நவம்பர் 30-க்குள் தனியாகவோ கூட்டாகவோ சுத்திகரிப்பு நிலையம் அமைக்காவிட்டால் மூடல். சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று பசுமை அமர்வு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் இழப்பைக் கணக்கிட ஒரு ஆணையம்.

அந்த ஆணையத்துக்கு நீதிபதி பி. பாஸ்கரன் தலைவரானார். தம்பி, நீங்கள் ஜெயித்தாச்சு என்று கேள்விப்பட்டது 1996-ஐ. உங்கள் வீட்டைத் தொடும் பகுதி இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

35,000 ஹெக்டேர் என்பது கோர்ட்டில் சொல்ல நல்ல எண். ஆனால் செக்கு எழுத அது உதவாது. எந்த ஊர், எந்தச் சர்வே எண், யார் பெயரில் பட்டா, எவ்வளவு சென்ட், மண்ணில் எவ்வளவு உப்பு, எத்தனை வருட விளைச்சல் போனது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ஆணையத்தின் வேலை அதுதான். அதற்குத் தகவல் கொடுத்தவர்கள் கிராமத்து ஜனங்கள். சிட்டா எடுக்க வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நின்றவர்கள், அடங்கல் நகலுக்கு அலைந்தவர்கள், அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்காத நிலத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று பேசித் தீர்த்தவர்கள். இந்த வேலையில் கோஷம் இல்லை, மாலை இல்லை, போட்டோவும் இல்லை. 2001 மார்ச் 7 அன்று ஆணையம் தன் உத்தரவைப் போட்டபோது அதில் 29,193 பேர் இருந்தார்கள். 547 டேனரிகள் கொடுக்க வேண்டிய மொத்த இழப்பீடு 26.82 கோடி ரூபாய்.

வகுத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு குடும்பம் தலைமுறையாகச் சாப்பிட்ட நிலம் போனதற்கு. சிலருக்கு இதைவிட அதிகம் வந்திருக்கும், பலருக்கு இதைவிடக் குறைவு. இந்தத் தொகையைப் பார்த்து, இதற்கா இத்தனை வருடம் என்று கேட்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பட்டியலை நான் மிகவும் மதிக்கிறேன். அது வருவதற்கு முன்னால் இந்தப் படுகையில் நடந்ததை மாசு என்று பொதுவாகச் சொன்னார்கள். வந்த பிறகு, இன்னாருடைய மகன் இன்னார், இந்தச் சர்வே எண்ணில் இவ்வளவு இழந்தார் என்று அரசாங்க முத்திரையோடு எழுதி வைத்தாகிவிட்டது. அதை இனி யாராலும் மறுக்க முடியாது.

அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றவர்களையும் பேசித்தான் ஆக வேண்டும். நிலத்தை வைத்து இழப்பை அளந்தால் நிலம் உள்ளவரிடம் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. அவர் வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்துக் கூலி வாங்கிய பெண் எதைக் காட்டுவாள்? சாகுபடி நின்றபோது அவளுக்கு வேலை போனது. அதற்குச் சர்வே எண் கிடையாது. இந்தப் பக்கத்துச் சேரிகளிலிருந்து டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போனவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள். நிலக்காரர் வீட்டு வாசலில் நின்று படி நெல் வாங்கிய காலத்தைவிட, வாரக்கூலியைக் கையில் எண்ணி வாங்கியதில் ஒரு நிமிர்வு இருந்தது என்பார்கள். டேனரியை மூடு என்று கோஷம் எழுந்தபோது அவர்கள் அதில் சேரத் தயங்கியதற்கு இது காரணம். அவர்களை முதலாளி பக்கம் போய்விட்டார்கள் என்று பேசுவது அநியாயம். அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன.

டேனரி வேலைக்கு வந்தவர்களின் உடம்பு கொடுத்த விலையும் சின்னதில்லை. 2015 ஜனவரி 31 விடியும் முன், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறும் ரசாயனமும் பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய அமைப்பே ஆளைக் கொன்றது. இங்கே அவர்களுக்குச் சொந்தம் பந்தம் கிடையாது, ஓட்டு கிடையாது. பாலாற்றுக்காகப் பேசும் எந்தக் கூட்டத்திலும் இந்த 10 பேரையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மதத்தைக் கொண்டு இதைப் பிரிக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. தோல் வணிகத்தில் முஸ்லிம்கள் அதிகம் என்பதை வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பிரச்சினையை வேறு பிரச்சினையாக மாற்றும் பேச்சு காதில் விழும். வாணியம்பாடியில் 1919-இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரியில் படித்துத் தலையெடுத்த எல்லா மதத்துக் குடும்பங்களும் இந்தப் பக்கம் இருக்கின்றன. உப்பு ஏறிய கிணறுகளும் எல்லா மதத்தாருடையவைதான். அந்தப் பேச்சு ஓங்கினால் போராட்டம் உடையும், கிணறு அப்படியே கிடக்கும்.

சரி, தண்ணீர் ஏன் இன்னும் இனிக்கவில்லை? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லா இடத்திலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் பழைய முறைச் சுத்திகரிப்பு நாற்றத்தையும் அழுக்கையும் குரோமையும் பெருமளவு எடுத்துவிடும், கரைந்த உப்பை எடுக்காது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர் உப்போடு வெளியே போனது. பிறகு நீதிமன்ற நெருக்கடியில், ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறச் சொன்னார்கள். சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி நல்ல நீரைத் திரும்ப எடுத்து, மிஞ்சும் உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைப்பது. மின்சாரச் செலவு அதிகம். கடைசியில் கலப்பட உப்பு மிஞ்சும், அதை வாங்க ஆளில்லை. கொட்டகையில் குவித்து வைத்துக் காக்க வேண்டும். செலவைப் பார்த்து ராத்திரியில் குழாயைத் திறந்துவிடும் ஆசையும், மழை நாளில் கழிவை ஆற்றோடு கலந்துவிடும் ஆசையும் இங்கிருந்து வருகின்றன. ஆகவே கண்காணிப்பு ஓய முடியாது.

இன்றைக்கு விடுவதை முழுக்க நிறுத்தினாலும், நேற்று மணலுக்குள் போனது தானாக வெளியேறாது. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1976-இல் தொடங்கி 1995-இல் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையையும் சேர்த்தது. கெடுத்தவர் கொடுக்க வேண்டும் என்ற நியாயம் இங்கே முட்டி நிற்கிறது. கெடுத்த ஆலை மூடிவிட்டதே, யாரிடம் போய்க் கேட்பது?

அந்தக் கேள்விக்கு 2025 ஜனவரி 30 அன்று ஒரு பதில் கிடைத்தது. இழப்பீடு முழுசாகப் போய்ச் சேரவில்லை, ஆறும் மீளவில்லை என்று வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு நடத்திய வழக்கில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. ஆணையம் 2001-லும் 2009-லும் போட்ட உத்தரவுகளின்படி இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, டேனரிகளிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றை மீட்கும் வேலையைப் பார்க்க வேண்டும். உத்தரவு போட்டதோடு முடித்துக்கொள்ளாமல் வழக்கைத் திறந்து வைத்துக்கொண்டே நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் என்றது நீதிமன்றம். 1991-இல் போட்ட மனுவுக்கு 34-வது வருடத்தில் இந்த வரி கிடைத்திருக்கிறது. நடுவில் மன்றத்தில் இருந்தவர்கள் முதுமையடைந்தார்கள், சிலர் இறந்தார்கள், புதியவர்கள் அந்தக் கோப்பைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். நொய்யலில் திருப்பூர்ச் சாயக் கழிவுக்கு எதிராகப் பாசன விவசாயிகள் நடத்திய போராட்டத்திலும் இதே பிடிவாதம் இருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதன் பின்னால், பல வருடம் விடாமல் கோர்ட் வாசலில் நின்ற விவசாயிகள் இருக்கிறார்கள்.

புதிதாக ஏதாவது கெடுதலைக் கண்டவர்கள் இப்போது டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. 2010-ஆம் வருடச் சட்டத்தின்படி வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தடுக்கச் சொல்லி மனு போடக் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், இழப்பீடு கேட்க ஐந்து வருடம் அவகாசம். அதற்குமேல் 60 நாள் வரை தாமதத்தை மன்னிக்கலாம். ஆறு மாதம் என்பது மிகக் குறைவு. கிணறு கரிக்கத் தொடங்கியதும் அடுத்த மழை வரட்டும் என்று காத்திருந்தால் அது போய்விடும். சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, தேதியும் சர்வே எண்ணும் எழுதி ஒட்டி, அரசு ஆய்வகத்தில் கொடுத்து ரசீது வாங்கி வைக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒன்று, மழை முடிந்து ஒன்று. தனி ஆள் செய்தால் அவருடைய கிணறு என்பார்கள். ஒரே வாரத்தில் ஊர் முழுக்க எடுத்தால் அது சாட்சி. கிராம சபையில் தீர்மானமாக எழுதிவிட்டால் இன்னும் பலம்.

அந்தத் தம்பியிடம் கடைசியாகக் கேட்டது, அப்பா பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று. அவருக்குத் தெரியவில்லை. தாத்தா பெயரில் இருந்திருக்கலாம் என்றார். வீட்டில் ஒரு பழைய மஞ்சள் பையில் அம்மா ஏதோ காகிதங்களைச் சுருட்டி வைத்திருக்கிறாராம். அந்தப் பையைத்தான் முதலில் பிரிக்கச் சொன்னேன். 2001-இல் எழுதிய பெயர்களில் எத்தனையோ பேர் இப்போது உயிரோடு இருக்க மாட்டார்கள். தாத்தா பெயரில் தொகை நின்றிருந்தால் அதைக் கேட்க வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அத்தைமார் உட்பட எல்லா வாரிசுகளும் அதில் வர வேண்டும். அத்தைகளை விட்டுவிட்டு எழுதும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அது தப்பு, மனுவும் தள்ளுபடியாகும். இன்னொரு சிக்கல், அந்த உத்தரவு போட்ட காலத்தில் எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். 2019-இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. பள்ளிகொண்டாக்காரர் வேலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும், ஆம்பூர்க்காரர் திருப்பத்தூருக்கு, வாலாஜா ஆற்காட்டுக்காரர் ராணிப்பேட்டைக்கு. மனுவில் பழைய கிராமப் பெயர், பழைய தாலுகா, பழைய சர்வே எண், இப்போதைய உட்பிரிவு எண் நான்கையும் எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து, எண் போட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.